சிவப்பு அங்கிக்கு முன்னால் வங்கிக் கணக்கு

மார்கரெட் அட்வுட் 1985-இல் வெளியிட்ட 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பு அங்கியும், முகத்தின் இருபுறமும் மறைக்கும் வெள்ளைத் தலையணியும்தான். 2017-இல் தொலைக்காட்சித் தொடராக வந்த பிறகு அந்த உடையை அணிந்துகொண்டு பெண்கள் போராட்டங்களுக்கே போனார்கள். நாவலுக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை கைநழுவும் இடம் இதைவிடச் சாதாரணமானது. கதைசொல்லி ஒரு கடைக்கு சிகரெட் வாங்கப் போகிறாள். கல்லாவில் வழக்கமாக இருக்கும் பெண் இல்லை, யாரோ ஒரு இளைஞன் இருக்கிறான். அவளுடைய கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, செல்லாது என்கிறான். அன்று பிற்பகல் அவள் வேலை செய்யும் நூலகத்தில் இயக்குநர் வந்து, பெண்கள் எல்லோரும் உடனே கிளம்ப வேண்டும், இது புதுச் சட்டம் என்கிறார். அவர் தலை கலைந்து, கண்கள் சிவந்திருக்கின்றன. வெளியே தாழ்வாரத்தில் இயந்திரத் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள்.

மாலையில்தான் முழுக் கதையும் தெரிகிறது. பெண் என்று குறிக்கப்பட்ட எல்லாக் கணக்குகளும் ஒரே நாளில் முடக்கப்பட்டுவிட்டன. பணம் எங்கும் போய்விடவில்லை. மணமானவள் என்றால் கணவன் அதை எடுக்கலாம். இல்லையென்றால் நெருங்கிய ஆண் உறவினர் எடுக்கலாம். காகிதப் பணம் ஏற்கெனவே ஒழிக்கப்பட்டு எல்லாம் அட்டைக்கு மாறியிருந்ததால் ஒரு பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது. கையில் ரொக்கம் புழங்கியிருந்தால் இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது என்று கதைசொல்லியே பின்னால் யோசிக்கிறாள். அவளுடைய கணவன் லூக் நல்லவன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அந்த இரவில் அவளுக்கு ஒரு சந்தேகம் முளைக்கிறது: இந்த ஏற்பாடு அவனுக்கு அவ்வளவு வலிக்கவில்லையோ? நாவலிலேயே மிகக் கூர்மையான இடம் இதுதான் என்று சொல்லத் தயக்கமில்லை. அந்த அரசுக்கு லூக் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்கு அவன் பேருக்கு மாறினால் போதும்.

இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் நாவல்களில் பெண்களுக்கு நடப்பதைப் படிக்கும்போது கொடூரங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த இயக்கமுறை கண்ணில் படாது. ஒவ்வொரு பெண்ணின் பின்னாலும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. ஆகவே அது காவல் வேலையைக் கணவனுக்கும், மாமியாருக்கும், மருத்துவருக்கும், இன்னொரு பெண்ணுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அந்த வேலையில் அவர்களுக்கு ஒரு சிறு லாபத்தையோ, செய்யாவிட்டால் ஒரு தண்டனையையோ வைக்கிறது. நல்ல நாவலாசிரியர்கள் இந்தப் பங்கீட்டைத்தான் நுணுக்கமாக எழுதுகிறார்கள். அதை அவர்கள் கற்பனையில் தேட வேண்டியிருக்கவில்லை.

பணமும் வேலையும் முதலில் பறிபோவதற்குக் காரணம் உண்டு. கையில் காசில்லாதவளால் ஊரை விட்டுக் கிளம்ப முடியாது, வழக்கறிஞர் வைக்க முடியாது, தனியாக ஒரு அறை எடுக்க முடியாது. ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-லேயே திருமணக் கடன் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். புதுமணத் தம்பதிக்கு 1000 ரைஷ்மார்க் வரை வட்டியில்லாக் கடன் கிடைக்கும். மணப்பெண் தன் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. தொகை கணவனிடம் போகும், அதுவும் வீட்டுச் சாமான்கள் வாங்கும் சீட்டுகளாக. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடனில் கால் பங்கு தள்ளுபடி, நாலாவது குழந்தையோடு கடன் தீர்ந்துவிடும். யாரையும் அடிக்கவில்லை, யாரையும் சிறையில் போடவில்லை. பிறகு ஆயுத உற்பத்திக்கு ஆள் பற்றாக்குறை வந்ததும், 1937-இல், வேலையை விட வேண்டும் என்ற நிபந்தனையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். பெண்ணின் இடம் வீடுதான் என்ற கொள்கை தொழிற்சாலையின் தேவை முன்னால் ஐந்து வருடம்கூடத் தாங்கவில்லை.

அமெரிக்க வாசகர்களுக்கு அட்வுட்டின் அந்த வங்கிக் காட்சி உறைத்ததற்கும் பின்னணி உண்டு. கடன் தருவதில் பால் பாகுபாடு கூடாது என்ற சட்டம் அங்கே வந்தது 1974-இல். அதற்கு முன்பு, சம்பாதிக்கும் பெண்ணிடமும் கணவனின் கையெழுத்தைக் கேட்ட வங்கிகள் இருந்தன. நாவல் வந்தபோது அந்த உரிமைக்கு வயது பதினொன்று. பிரான்ஸில் மணமான பெண் கணவன் அனுமதியின்றிக் கணக்குத் தொடங்க முடிந்தது 1965-இல்தான்.

அடுத்துப் பறிபோவது எழுத்து. நாவலில் கிலியட் என்று பெயர் மாறிய அமெரிக்காவில், அதிகாரிகளுக்குப் பிள்ளை பெற்றுத் தர வைக்கப்பட்ட சிவப்பு அங்கிப் பெண்கள் கடைக்குப் போவது பணத்தோடு அல்ல, படம் போட்ட சீட்டுகளோடு. ஒரு டஜன் முட்டை, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, மாட்டிறைச்சியாக இருக்க வேண்டிய பழுப்பு நிற ஏதோ ஒன்று. சீட்டில் வரைந்திருப்பது எதுவோ அது கிடைக்கும். கடைப் பலகைகளிலும் எழுத்தை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். அடிமை முறை இருந்த காலத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றம். தெற்குக் கரோலினா 1740-இலேயே எழுத்து கற்பிப்பதைத் தடை செய்தது. படித்தவர்கள் அனுமதிச் சீட்டைத் தாங்களே எழுதிக்கொண்டு தப்பிவிடுவார்கள் என்ற நடைமுறைப் பயமும் அதற்குள் இருந்தது.

பிறகு பெயர். பெண்ணுக்கு வீட்டுத் தலைவனின் பெயர்தான் பெயர். ஃப்ரெட்டின் வீட்டில் இருக்கும்வரை கதைசொல்லி ஆஃப்ரெட், அதாவது ஃப்ரெட்டினுடையவள். அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டால் அடுத்து வருபவளும் ஆஃப்ரெட்தான். அதன் பிறகு உடையின் நிறம். அதிகாரிகளின் மனைவியருக்கு நீலம், சமையலும் வீட்டு வேலையும் பார்க்கும் மார்த்தாக்களுக்கு மங்கிய பச்சை, பிள்ளை பெற்றுத் தரும் பெண்களுக்குச் சிவப்பு, பயிற்சி தரும் அத்தைகளுக்குப் பழுப்பு. ஏழை வீட்டு மனைவியர் மூன்று வேலையையும் தாங்களே செய்ய வேண்டும் என்பதால் அவர்களுக்குச் சிவப்பு, நீலம், பச்சைக் கோடு போட்ட மலிவுத் துணி. தூரத்திலிருந்து பார்த்தாலே யார் எங்கே இருக்கக் கூடாது என்று தெரிந்துவிடும். இதைவிட முக்கியம், ஒரு நிறத்துக்கு இன்னொரு நிறத்தின் மேல் வரும் வெறுப்பு. நீலம் சிவப்பைத் தன் படுக்கையறைக்குள் வந்த அவமானமாகப் பார்க்கிறது. கோடு போட்டவள் சிவப்பு அங்கியைக் கண்டால் காறித் துப்புகிறாள். சிவப்புப் பெண்கள் இருவர் இருவராகத்தான் நடக்க வேண்டும், துணைக்கு அல்ல, ஒருத்தியை ஒருத்தி வேவு பார்க்க. பெண்களைக் கட்டுப்படுத்தச் செலவு குறைந்த வழி பெண்களைக் கொண்டே செய்வதுதான் என்று நாவலின் கடைசிப் பகுதியில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார்.

அத்தைகள் சொல்லித் தரும் பாடத்தில் ஒரு வாதம் இருக்கிறது. முன்பு உங்களுக்கு விரும்பியதைச் செய்யும் சுதந்திரம் இருந்தது, இப்போது தொல்லைகளிலிருந்து விடுபட்ட சுதந்திரம் தரப்படுகிறது, இதைக் குறைவாக மதிக்காதீர்கள் என்பார் லிடியா அத்தை. இரவில் தனியே நடக்கப் பயந்த பெண்ணுக்கு இது முழுப் பொய்யாகத் தோன்றாது. அட்வுட் அந்தப் பயத்தை மறைக்காமல் எழுதியதால்தான் லிடியா வெறும் ராட்சசியாக மாறவில்லை.

இந்த நாவலை அட்வுட் எழுதத் தொடங்கியது 1984-இல், சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்த மேற்கு பெர்லினில், வாடகைக்கு எடுத்த ஒரு தட்டச்சுப் பொறியில். தனக்கு அவர் போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: மனித வரலாற்றில் எங்கேனும் எப்போதேனும் நடந்திராத எதையும் உள்ளே சேர்ப்பதில்லை. அதற்காக அவர் சேர்த்து வைத்த செய்தித்தாள் நறுக்குகள் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் அரிய நூல்கள் நூலகத்தில் இருக்கின்றன. நாவலுக்குள்ளேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரு முன்னோடி ருமேனியா.

1966 அக்டோபரில் நிகோலாய் சௌஷெஸ்குவின் அரசு 770-ஆம் ஆணையைப் பிறப்பித்தது. 1957 முதல் சட்டப்படி நடந்துவந்த கருக்கலைப்பு ஏறக்குறைய முற்றிலும் தடை செய்யப்பட்டது. 45 வயது தாண்டியவர், நாலு குழந்தை பெற்றவர், உயிருக்கே ஆபத்துள்ளவர், வன்புணர்வுக்கு ஆளானவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. கூடவே மணவிலக்குச் சட்டம் இறுக்கப்பட்டது, 25 வயதாகியும் பிள்ளையில்லாத ஆண் பெண் இருபாலரின் சம்பளத்திலும் தனி வரி பிடித்தார்கள், கருத்தடைச் சாதனங்கள் கடைகளிலிருந்து காணாமல் போயின. பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு வீரத்தாய்ப் பட்டம். 1966-இல் பிறந்த குழந்தைகள் சுமார் 2,74,000. அடுத்த ஆண்டில் சுமார் 5,28,000. ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. பிரசவ வார்டில் படுக்கை போதவில்லை. சில வருடம் கழித்து அதே தலைமுறைக்கு வகுப்பறை போதவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டியது. மக்கள் கள்ள வழிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள், பிறப்பு விகிதம் சரிந்தது. பெண் ஒருத்திக்குச் சராசரியாக 3.7 குழந்தைகள் என்று 1967-இல் எகிறிய கணக்கு, 1980-களின் தொடக்கத்தில் 2-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. சட்டம் தன் சொந்த நோக்கத்திலேயே தோற்ற பிறகும் அரசு பின்வாங்கவில்லை, பிடியை இறுக்கியது. 1980-களில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மகப்பேறு மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. கர்ப்பம் பதிவாகிவிட்டால் அது பிரசவம் வரை போகிறதா என்று கண்காணிப்பார்கள். 1985-இல் விலக்கு பெறத் தேவையான குழந்தைகளின் எண்ணிக்கை ஐந்தாக உயர்ந்தது. கள்ளக் கருக்கலைப்பில் ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தவளிடம், செய்தது யார் என்று பெயர் சொன்னால்தான் சிகிச்சை என்று விசாரணை அதிகாரி நின்றதும் நடந்தது. தாமதத்தில் செத்தவர்கள் உண்டு. மருத்துவருக்கும் வேறு வழி வைக்கவில்லை. அவருக்கும் சிறை காத்திருந்தது.

1989-இல் ருமேனியாவின் பேறுகால மரண விகிதம் ஐரோப்பாவிலேயே மிக அதிகம்: ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 170 தாய்மார்கள். அதில் மிகப் பெரும்பாலானவை பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் நேர்ந்தவை. 23 ஆண்டுகளில் சுமார் 10,000 பெண்கள் இப்படி இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். வளர்க்க முடியாமல் விடப்பட்ட குழந்தைகள் லட்சத்துக்கும் மேல் அரசு விடுதிகளில் கிடந்தார்கள். 1989 டிசம்பர் 25 அன்று சௌஷெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே புதிய அரசு அந்த ஆணையை ரத்து செய்தது. அடுத்த ஓராண்டில் பேறுகால மரணம் பாதியாகக் குறைந்தது.

இதைத் தெரிந்துகொண்டு கிலியட்டுக்குத் திரும்பினால், அங்கே ஆங்காங்கே உள்ள ஓட்டைகள் வேறு மாதிரி தெரியும். அந்த நாட்டுச் சட்டப்படி மலட்டு ஆண் என்று யாரும் கிடையாது. குறை எப்போதும் பெண்ணிடம்தான். நடைமுறையில் அதிகாரிகள் பலரும் மலடுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பரிசோதனைக்குப் போகும் ஆஃப்ரெட்டிடம் மருத்துவரே திரைக்குப் பின்னாலிருந்து, நான் உதவட்டுமா என்கிறார். அதிகாரியின் மனைவி செரீனாவே வீட்டு ஓட்டுநர் நிக்கை ஏற்பாடு செய்கிறாள். அதற்குக் கூலியாக அவள் தருவது ஒரு சிகரெட், பறித்துச் செல்லப்பட்ட மகளின் ஒரு புகைப்படத்தைக் காட்டுவதாக ஒரு வாக்கு. தன் மகள் உயிரோடிருப்பது இவளுக்கு இவ்வளவு நாளும் தெரிந்தே இருந்திருக்கிறது என்று ஆஃப்ரெட்டுக்கு அப்போதுதான் உறைக்கிறது. சட்டம் பொய்யின் மேல் நிற்பதால் சட்டத்தைக் காப்பவர்களே அதை மீறியாக வேண்டும். ஆனால் மாட்டிக்கொண்டால் தூக்கு ஆஃப்ரெட்டுக்கு.

அட்வுட்டுக்கு முன்னும் இந்தப் பாதையில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். ரஷ்யரான யெவ்கேனி ஸமியாத்தின் 1920-21-இல் எழுதிய 'வீ' நாவலில் ஓ-90 என்ற பெண், தாய்மைக்கு அரசு நிர்ணயித்த உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் குட்டை. ஆகவே அவள் பிள்ளை பெறக் கூடாது. உறவுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு உண்டு, திரையை இறக்கிக்கொள்ள நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், பிள்ளைக்கு மட்டும் அனுமதியில்லை. அவள் தெரிந்தே சட்டத்தை மீறிக் கருத்தரித்து, பச்சை மதிலுக்கு வெளியே தப்பிப் போகிறாள். பிள்ளை பெறச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் பெறக் கூடாதென்று தடுப்பதும் ஒரே அதிகாரத்தின் வேலை என்பதை இவ்வளவு முன்கூட்டியே பார்த்துவிட்டார் ஸமியாத்தின். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932 நாவலில் பெண் கருக்களில் எழுபது சதவீதத்தை மலடாக்கிவிடுகிறார்கள். மீதிப் பெண்கள் கருத்தடைச் சாதனங்கள் நிறைந்த இடைவாரைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். கர்ப்பத்திலிருந்து விடுபட்ட அந்த உலகத்திலும் கட்டளையிடும் இடத்தில் இருப்பவர்கள் ஆண்கள்தான், அதைப் பற்றி ஹக்ஸ்லி பெரிதாக யோசித்த மாதிரி தெரியவில்லை.

குறைவாகப் பேசப்படுபவர் காதரின் பர்டெகின். 1937-இல், போர் தொடங்கும் முன்னரே, 'ஸ்வஸ்திகா நைட்' நாவலை முர்ரே கான்ஸ்டன்டைன் என்ற ஆண் பெயரில் வெளியிட்டார். எழுதியவர் ஒரு பெண் என்பது 1980-களில்தான் பரவலாகத் தெரியவந்தது. நாஜிகள் வென்று எழுநூறு ஆண்டுகள் ஆன ஐரோப்பா அது. பெண்கள் தலை மழிக்கப்பட்டு, வேலியிட்ட குடியிருப்பில் அடைபட்டிருக்கிறார்கள். எந்த ஆணையும் மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆண் குழந்தை பிறந்தால் பதினெட்டு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆட்சியாளர்களை உள்ளூர அரிக்கும் ரகசியம் ஒன்று இருக்கிறது: பெண் குழந்தைகள் பிறப்பது குறைந்துகொண்டே வருகிறது. நாவலின் குறையும் உண்டு. பெண்களை அவ்வளவு ஒடுங்கியவர்களாகக் காட்டியதில், அவர்களில் ஒருத்திகூடக் கதையை நடத்திச் செல்பவளாக வரவில்லை. பேசுபவர்கள், சிந்திப்பவர்கள் எல்லாரும் ஆண்கள்.

அட்வுட் மேல் வைக்கப்படும் முக்கியமான விமர்சனமும் நியாயமானது. பெயரைப் பறிப்பது, எழுத்தைத் தடுப்பது, பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக் கொடுப்பது எல்லாம் அமெரிக்க மண்ணில் கறுப்பினப் பெண்களுக்கு நடந்தவை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-இல் சட்டமே போட்டது. உரிமையாளனே வன்புணர்ந்து பிறந்த பிள்ளையும் அவன் சொத்துக் கணக்கில் சேர்ந்தது. நாவலிலோ கறுப்பின மக்கள் வட டகோட்டாவுக்குக் குடியேற்றப்படுவதாகத் தொலைக்காட்சிச் செய்தியில் சில வரிகள் வருவதோடு சரி. அவர்களுடைய வரலாற்றை எடுத்துக்கொண்ட கதையில் அவர்களுக்கு இடமில்லை.

தொடர் பெற்ற வெற்றிக்குப் பிறகு இவ்வகை நாவல்கள் வரிசையாக வந்தன. 2018-இல் வந்த 'வாக்ஸ்' நாவலில் பெண்கள் ஒரு நாளைக்கு நூறு சொல் மட்டுமே பேசலாம், தாண்டினால் கைவளை மின்னதிர்ச்சி தரும். கேட்டதும் மனதில் தைக்கும் கற்பனைதான். ஆனால் அத்தனை கோடி வளைகளைச் செய்தது யார், பழுதானால் எங்கே கொடுப்பது, மனைவியின் வளையைக் கழற்றித் தர லஞ்சம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. கருவி பெரிதாகும்போது அதை இயக்கும் மனிதர்கள் சிறுத்துவிடுகிறார்கள். பிரயாக் அக்பரின் 'லைலா', 2017-இல் வந்தது, இந்த வகையில் தேறுகிறது. மதில் கட்டி சமூகவாரியாகப் பிரிந்த ஒரு இந்திய நகரம், பிறந்த சமூகத்துக்கு வெளியே மணம் செய்த ஒரு தாய், தொலைந்த மகள். மதிலை எழுப்பியவர்கள் குடியிருப்பு வாசிகள் என்பதால் அது நம் தெருவிலிருந்து தூரமாகத் தெரியாது.

கற்பனையோடு ஒப்பிட இன்று ஆப்கானிஸ்தானின் வரிசை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தது. அடுத்த மாதமே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி திறக்கவில்லை. மகளிர் விவகார அமைச்சகத்தின் கட்டடம் ஒழுக்கக் கண்காணிப்பு அமைச்சகத்துக்குப் போனது. டிசம்பரில், 72 கிலோமீட்டருக்கு மேல் போவதென்றால் ஆண் உறவினர் துணை வேண்டும் என்றார்கள். 2022 மே மாதம் முகத்தை மூடும் ஆணை, நவம்பரில் பூங்காக்களும் உடற்பயிற்சிக் கூடங்களும், டிசம்பரில் பல்கலைக்கழகமும் தொண்டு நிறுவன வேலையும். 2023-இல் அழகு நிலையங்கள் மூடப்பட்டன. 2024 ஆகஸ்டு சட்டம் பொது இடத்தில் பெண்ணின் குரலையும் மறைக்க வேண்டியவற்றில் சேர்த்தது. முகத்தை மூடும் ஆணையில் தண்டனை யாருக்கு என்று பார்க்க வேண்டும். பெண் மீறினால் சிறைக்கும் வேலை நீக்கத்துக்கும் ஆளாகக்கூடியவர் அவளுடைய தந்தையோ கணவரோ அண்ணன் தம்பியோதான். மகளை நேசிக்கும் தகப்பனும் அந்த நாளிலிருந்து வாசலில் நின்று அவள் முக்காட்டைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இதே பங்கீட்டைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்த ஒரு கதை 1905-இலேயே மெட்ராஸில் அச்சாகியிருக்கிறது. ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற வங்கப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்த 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளியானது. சில பக்கங்களே உள்ள கதை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அந்த நாட்டில் ஆண்கள் திரைக்குள் இருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். இந்த நிலை வந்த விதத்தை ரொக்கையா படிப்படியாகச் சொல்கிறார். போரில் தோற்று ஆண்கள் களைத்துப்போன வேளையில், மானத்தையும் விடுதலையையும் முன்னிட்டு அவர்களை அந்தப்புரத்துக்குள் போகும்படி அரசி கேட்டுக்கொள்கிறாள். களைப்பில் அவர்களும் மறுபேச்சின்றிப் போகிறார்கள். பிறகு பல்கலைக்கழகப் பெண்கள் சூரிய வெப்பத்தைத் திரட்டி எதிரிப் படையைத் துரத்துகிறார்கள். சில நாள் கழித்து, காவல்துறை ஆணையர்களும் மாவட்ட நீதிபதிகளும் வெளியே வர அனுமதி கேட்டு விண்ணப்பம் அனுப்புகிறார்கள். எப்போதாவது தேவைப்பட்டால் அழைக்கிறோம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று அரசி பதில் அனுப்புகிறாள்.